ஜப்பானியப் படையெடுப்பும் மலாயாத் தமிழரின் அரசியல் மொழியும்



போர் வரலாற்றைப் பற்றி மொழியியல் படித்தவர் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். படைகள் நகர்ந்த வழிகளையும் தளபதிகள் செய்த பிழைகளையும் ஆராய்ந்த நூல்கள் நிறைய உள்ளன. அவற்றோடு போட்டியிடுவது நம் நோக்கமன்று. 1941 டிசம்பர் 8-இல் தொடங்கி 1942 பிப்ரவரி 15-இல் முடிந்தது ஜப்பானியரின் மலாயாப் படையெடுப்பு. அந்த எழுபது நாள், இவ்வட்டாரத் தமிழர் தம்மை ஆண்டோரை எச்சொல்லால் குறித்தனர், தம்மை எச்சொல்லால் குறித்துக்கொண்டனர், அரசியலை எம்மொழியில் கேட்டனர், பின்னர் எம்மொழியில் பேசினர் என்பவற்றை எவ்வாறு மாற்றியது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. யார், யாரை நோக்கி, எந்த உரிமையோடு பேசலாம் என்னும் ஏற்பாடே அரசியல் எனக் கொண்டால், இது மொழி பயில்வோர்க்கும் உரிய வினாவே.

போருக்கு முந்தைய மலாயாவை முதலில் நினைவுகூர்வோம். ரப்பர்த் தோட்டத்தின் மேல்படியில் ‘துரை’ இருந்தார், அவருக்குக் கீழே ‘கிராணி’, அவருக்கும் கீழே ‘கங்காணி’, அடியில் ‘கூலி’. இவற்றைத் தொழிற்பெயர்கள் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. இவை வினைமுற்றையும் ஆண்ட பெயர்கள். துரை ‘வந்தார்’, கூலி ‘வந்தான்’. ‘ஆர்’ விகுதிக்கும் ‘ஆன்’ விகுதிக்கும் இடையிலிருந்த தொலைவே அன்றைய ஆட்சியின் தொலைவு. சிங்கப்பூர் நகரில் துறைமுகத்திலும் நகராட்சியிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்த தமிழர்க்கு இந்த ஏணி சற்று வேறு வடிவில் அமைந்திருந்தது. படிகள் மட்டும் அவையே.

அரசியல் உணர்வு அவர்களிடையே அறவே இல்லை என்று கூறுவது பொருந்தாது. பெரியார் 1929-இல் இங்கு வந்தார். கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1936-இல் மலாயா இந்திய மத்திய சங்கம் உருவாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு நேரு வந்து சென்றார். எனினும் அம்மத்திய சங்கம் பெரிதும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் கூடிய அவை. அரசுக்கு அவர்கள் எழுதிய விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. தோட்டத்துத் தமிழர் அவ்விண்ணப்பங்களின் பொருளாக இருந்தனர். அவற்றைப் பேசுவோராக இருந்ததில்லை.

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் இந்நிலையில் ஏற்பட்ட முதற் பெரும் பிளவு. ஊதிய உயர்வும் கள்ளுக்கடை மூடலும் கோரிக்கைகளுள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி தன் மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அரசு படையை வரவழைத்தது. வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் முதன்மையானவராகிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். இந்த மிதிவண்டிக் கோரிக்கையை வகுப்பறையில் மாணவர்க்குச் சொல்லும்போது சிலர் சிரிப்பதுண்டு. ஊதியத்துக்கு இணையாக ஒரு மக்கள் இதனையும் வைத்துப் போராடினர் என்றால், மரியாதை என்பது இங்கு எவ்வளவு கணக்கிட்டு வாங்கப்பட்ட பொருள் என்பது விளங்கும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் காலாட்படை கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கியது. அப்படையில் பல்லாயிரவர் மிதிவண்டியில் வந்தனர். ரப்பர் ஏற்றுமதிக்காகப் பிரிட்டிஷார் போட்டு வைத்த நல்ல சாலைகளே அவர்களுக்கு வழியாயின. எவர்முன் மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டியிருந்ததோ அவர்கள், மிதிவண்டியில் வந்தோர்முன் பின்வாங்கினர். வரலாறு இவ்வாறு அமைந்துவிட்டதற்கு நாம் பொறுப்பல்லோம், நிகழ்ந்ததைச் சொல்கிறோம்.

நிகழ்ச்சிகள் விரைந்து தொடர்ந்தன. டிசம்பர் 10-இல் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவந்தான் கடற்பகுதியில் மூழ்கடிக்கப்பட்டன. ஜித்ராவில் பாதுகாப்பு வரிசை உடைந்தது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 31-இல் ஜொகூர்ப் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டுப் பிரிட்டிஷ் படை இத்தீவுக்குள் ஒதுங்கியது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தனர். 15-ஆம் நாள், சீனப் புத்தாண்டு நாளன்று, புக்கித் தீமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமஷித்தாவிடம் சரணடைந்தார். தம் எண்ணிக்கையினும் குறைந்த படையிடம் அவர்கள் தோற்றனர் என்பதை உலகமே பார்த்தது.

ஆயினும் பிரிட்டிஷாரின் பெயர் உடைந்த இடம் சிங்கப்பூர் அன்று, பினாங்கு என்பதே நம் கருத்து. டிசம்பர் நடுவில் அத்தீவின் ஐரோப்பியக் குடும்பங்கள் இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டன. ஆசியர்க்குச் சொல்லப்படவில்லை; அவர்கள் விட்டுச்செல்லப்பட்டனர். கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைப் பின்னர் இறக்கியவர் ஓர் ஆளுநரோ தளபதியோ அல்லர். ‘ஸ்திரெயிட்ஸ் எக்கோ’ இதழின் ஆசிரியராயிருந்த மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் யாழ்ப்பாணத் தமிழர் அப்பணியைச் செய்தார். காப்போம் என்று உறுதி கூறியவர்கள் சொல்லாமல் போனார்கள் என்னும் செய்தி, ஜப்பானியரைவிட வேகமாகத் தெற்கே பயணம் செய்தது. தோல்வியை மக்கள் மன்னிப்பதுண்டு. கைவிட்டுச் செல்வதை மன்னிப்பதில்லை.

இனி, நாம் கூடியிருக்கும் இந்நகருக்கு வருவோம். சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபேரர் பார்க் திடல் வரும். பழைய குதிரைப் பந்தயத் திடல். அதற்கு எதிர்த்திசையில் சிறிது தூரம் நடந்தால் ஜாலான் பெசார் விளையாட்டரங்கம். தேக்கா வட்டாரத்தின் இருபுறமும் உள்ள இவ்விரு திடல்களிலும் 1942 பிப்ரவரியின் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி இவ்வட்டாரத்தின் பிற்கால அரசியல் புலப்படாது.

பிப்ரவரி 17-இல் ஃபேரர் பார்க்கில் சரணடைந்த இந்தியப் படைவீரர் ஏறத்தாழ 45,000 பேர் திரட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு அகன்றார். மேஜர் ஃபுஜிவாரா, இவர்களைக் கைதிகளாக அன்றி நண்பர்களாக நடத்துவோம் என்றும் இந்திய விடுதலைக்குத் துணைநிற்போம் என்றும் பேசினார். வடக்கே பிடிபட்டு ஜப்பானியரோடு சேர்ந்துகொண்ட கேப்டன் மோகன் சிங், இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு அழைத்தார். மறுநாள், பிப்ரவரி 18-இல், சீன ஆடவர்களைத் திரட்டிச் சலித்தெடுக்கும் ‘சூக் சிங்’ நடவடிக்கை தொடங்கிற்று. ஜாலான் பெசார் அரங்கம் அதன் மையங்களுள் ஒன்று. அங்கிருந்து வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டவர் பலர் கடற்கரைகளில் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் சுமார் 5,000 பேர் என்பது ஜப்பானியத் தரப்பின் கணக்கு. சீனச் சமூகம் கூறும் எண்ணிக்கை அதனினும் பலமடங்கு. 50,000 வரை செல்வது.

ஒரு திடலில் அணைப்பு, மறு திடலில் கொலை. ஒரே படை, ஒரே வாரம். சீனரிடையே இப்படையெடுப்பு எதிர்ப்புப் போரையும், காடுகளில் வளர்ந்த பொதுவுடைமையரின் செல்வாக்கையும் விளைத்தது. இந்தியரிடையே அது வெளிப்படையான தேசிய இயக்கத்தை விளைத்தது. மலாய்க்காரரிடையே இளைஞர் சிலர் புதிய பதவிகளையும் புதிய எண்ணங்களையும் பெற்றனர். மக்களினங்களைத் தனித்தனியே வைத்து ஆண்டவர்கள் பிரிட்டிஷார். அந்த வேலிகளுக்கு உள்ளே தனித்தனி அரசியலை நட்டவர்கள் ஜப்பானியர். போருக்குப் பின் நாட்டின் எதிர்காலத்தைப் பேச ஒரே மேசையில் அமர்ந்தபோது, ஒவ்வொரு சமூகமும் வெவ்வேறு போரிலிருந்து எழுந்து வந்திருந்தது.

ஃபேரர் பார்க்கில் ஒலித்த மொழிகளையும் கவனிக்க வேண்டும். ஃபுஜிவாராவின் ஜப்பானிய உரை ஆங்கிலமாயிற்று, ஆங்கிலம் ஹிந்துஸ்தானியாயிற்று. தமிழ் அங்கு இல்லை. படைவீரருள் வடஇந்தியரே பெரும்பான்மையர் ஆதலின் இது இயல்பே. ஆனால் அத்திடலைச் சூழ்ந்து வாழ்ந்தோரும், மலாயா இந்தியருள் மிகப் பெரும்பாலோரும் தமிழர். அவர்களுடைய பெயரால் தொடங்கிய இயக்கம், அவர்களுக்கு விளங்காத மொழியில் தொடங்கிற்று.

சிங்கப்பூர் ‘ஷோனான்’ ஆயிற்று. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆண்டு 2602 என்று எழுதப்பட்டது. ‘நிப்பொங்கோ’ என்னும் ஜப்பானிய மொழி பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தது. அதனைக் கற்றோர்க்கு வேலை கிடைத்தது. பிற்காலத்தில் இந்நாட்டின் அதிபரான எஸ்.ஆர். நாதன் அவர்களும் இளமையில் ஜப்பானியம் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவரே.

அண்டை நாட்டோடு ஓர் ஒப்பீடு இங்குப் பயன்படும். இந்தோனேசியத் தீவுகளில் ஜப்பானியர் டச்சு மொழியைத் தடைசெய்தனர். ஜப்பானியம் உடனே அவ்விடத்தை நிரப்ப இயலாமையால், நிர்வாகமும் பள்ளியும் இந்தோனேசிய மொழிக்கு வந்தன. கலைச்சொற்களை வகுக்க 1942-இலேயே ஒரு மொழிக்குழு அமைந்தது. மூன்றரை ஆண்டுப் பயிற்சி, 1945-இல் விடுதலை அறிவித்த குடியரசுக்குத் தயாரான ஆட்சிமொழியைத் தந்தது. சிங்கப்பூரில் அப்படி எந்த மக்கள் மொழிக்கும் ஏற்றம் கிட்டவில்லை. ஆங்கிலத்தின் பெருமை குறைந்தது. அவ்விடம் வெற்றிடமாகவே கிடந்தது. அந்த வெற்றிடத்தில் தமிழர்க்கு முதலில் வந்து சேர்ந்த அரசியல் மொழி ஹிந்துஸ்தானி.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-இல் சிங்கப்பூர் வந்தார். 4-ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அதற்கு மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைமை, இந்நகரில் மருத்துவராக இருந்த லட்சுமி அவர்களிடம் அளிக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அப்படையில் மிகுதி.

போஸ் தமிழறியார். ஹிந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் பேசினார். திரண்டிருந்த தமிழர்க்காக அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. படையின் கட்டளைகள் ஹிந்துஸ்தானியில் அமைந்தன. அம்மொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. தேவநாகரியா, உருது எழுத்தா என்னும் பூசலைத் தவிர்க்க அவர் கண்ட வழி அது. ஆக, சிலாங்கூரிலோ பேராக்கிலோ பால்மரம் வெட்டிய ஒரு பெண், தாய்மொழி எழுத்தையே பள்ளியில் நிறைவாகக் கற்க வாய்ப்பில்லாதவர், அறியாத ஒரு மொழியை அறியாத ஓர் எழுத்தில் கற்றுத் துப்பாக்கி ஏந்தினார். இதனைத் திணிப்பு என்று இன்று சிலர் கூறலாம். தமிழகத்தில் 1937-க்குப் பின் எழுந்த இந்தி எதிர்ப்பை அறிந்தோர் இங்கும் இருந்தனர் ஆதலின் அவ்வெண்ணம் அன்றும் சிலர்க்குத் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் நாம் காண விரும்புவது வேறொன்று.

‘ஜெய் ஹிந்த்’ என்னும் முகமனை எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒருவரை விளிக்கத் தொடங்கியவுடன் நாம் அவரை ஒரு படியில் நிறுத்திவிடுகிறோம். ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் வாய் திறக்க முடியாது. சாதியும் வயதும் தொழிலும் அத்தெரிவுக்குள் நுழைந்துவிடும். ‘ஜெய் ஹிந்த்’ என்பதில் ஏறுவதற்கோ இறங்குவதற்கோ படி இல்லை. அதிகாரி சொன்னதையே வீரரும் திருப்பிச் சொன்னார். கிராணியின் மகள் சொன்னதையே தொழிலாளியின் மகளும் சொன்னாள். பொருள் முழுதும் விளங்காத அயற்சொல் என்பதே அதன் வலிமை ஆயிற்று. அச்சொல்லுக்குத் தமிழ்ச் சமூகத்தின் பழைய கடன்கள் எவையும் இருக்கவில்லை. ‘கூலி’ எனப்பட்டவர் ‘சிப்பாய்’ ஆனார். பெண் ‘ராணி’ ஆனாள். சொல் மாறினால் வாழ்வு மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. ஒருமுறை வேறு பெயரால் அழைக்கப்பட்டவர் பழைய பெயருக்கு மீண்டும் திரும்பிப் பார்ப்பது அரிது என்று மட்டுமே கூறுகிறோம்.

இயக்கத்தில் சேர்ந்தோர் அனைவரும் இலட்சியத்தால் மட்டுமே சேர்ந்தனர் என்று கொள்ள வேண்டா. லீக்கின் உறுப்பினர் அட்டை ஒரு பாதுகாப்பு. படையில் உணவு உண்டு; வெளியே மரவள்ளிக்கிழங்கும் பசியும். செல்வர் சிலர் விரும்பியும் சிலர் அஞ்சியும் நன்கொடை தந்தனர். இன்னொரு காரணமும் இருந்தது. படைக்குப் போகாத தோட்டத்து ஆடவரைக் கொண்டு போக வேறொரு வண்டி காத்திருந்தது.

அது சயாமுக்குச் செல்லும் வண்டி. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தனர். அப்பணியில் 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டு 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் மிகப் பெரியது; இரண்டு இலட்சத்தை ஒட்டியது என்பர். அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கக்கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவருள் பெருந்தொகையினர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைத்துச் சென்றனர். பின்னர்ச் சொல்லாமலே பிடித்துச் சென்றனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் எஞ்சிய வேலையைச் செய்தன.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயரும் படைப்பிரிவும் வயதும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழர்க்கு அத்தகைய வரிசை இல்லை. இறந்தோர் பட்டியலை வைத்திருக்க அவர்களிடம் அதிகாரி இல்லை. நாட்குறிப்பு எழுத எழுத்தறிவும் தாளும் இல்லை. எந்த மக்களின் துயர் எம்மொழியில் எழுதப்பட்டதோ அம்மொழியார்க்கே உலகின் நினைவு உரியதாயிற்று. தமிழில் அது நெடுங்காலம் வாய்மொழியாகவே கிடந்து, பின்னர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற மலேசிய நாவல்கள் வழியே ஏட்டில் ஏறிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நேதாஜியின் வருகையை நாம் விரிவாகப் பேசுகிறோம். சயாமை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். கொடியும் அணிவகுப்பும் சொல்வதற்கு இனியவை என்பது ஒரு காரணம். ஒரே நட்பு நாடு இவ்விரண்டையும் செய்தது என்பதைச் சேர்த்துச் சொல்வது கடினம் என்பது இன்னொரு காரணம். தில்லிக்கு வழி திறப்போம் என்றவர்களே சயாமுக்கும் வழி காட்டினர். லீக்கின் தலைவர்களால் இதனைத் தடுக்க இயலவில்லை. ஆசிரியர்கள் இதனை மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து வயது மாணவர்க்கு இம்முரண் விளங்கும்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். எஸ்பிளனேட்டில் ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை முதல் வேலையாக இடித்தனர். அதில் பொறிக்கப்பட்டிருந்த ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்களும் ஹிந்துஸ்தானியே. ஓர் அரசு கல்லை வெடிவைத்துத் தகர்க்கிறதென்றால், அக்கல்லைக் கண்டு அஞ்சுகிறது என்பதே பொருள். அவ்விடத்தில் இன்று இருப்பது 1995-இல் நாட்டப்பட்ட நினைவுக் குறிப்பு.

இதன் பின்னரே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் மாற்றம் நிகழ்கிறது. ஹிந்துஸ்தானியில் வந்த அரசியல், தமிழுக்குள் குடியேறுகிறது. 1946-இல் கோலாலம்பூரில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவி, போஸின் இயக்கத்திலிருந்து வந்தவர். அக்கட்சியின் மேல்மட்டப் பேச்சு இன்னும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தோட்டங்களில் நடந்ததோ வேறு. கெடாவில் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் ‘தொண்டர் படை’ எழுந்தது. சீருடை, அணிநடை, கள்ளுக்கடை மறியல் என்று அது 1947 வரை தோட்டத்துரைமாரையும் காவல்துறையையும் அலைக்கழித்தது. ‘தொண்டர் படை’ என்பது தமிழகக் காங்கிரசாரும் வழங்கிய பழைய தொடரே. புனைந்த புதுச்சொல் அன்று. ஆனால் அணிநடை பயின்ற கால்கள் புதியவை. நேற்றுவரை அயல்மொழிக் கட்டளைக்கு நடந்தவர், இப்போது தம் மொழியில் ‘படை’ என்று பெயரிட்டுத் தாமே நடந்தனர். கிள்ளானில் 1941-இல் மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவர்களின் தொடர்ச்சி இது; இடையில் மூன்றரை ஆண்டுப் பள்ளி ஒன்று நடந்திருந்தது.

இப்பாதை எங்கும் மலர் தூவியிருக்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, நெருக்கடிகாலச் சட்டத்தின்கீழ் 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். இடதுசாரித் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. தோட்டத்துத் தமிழரின் அரசியல் பல ஆண்டுகள் குரல் தாழ்ந்தது.

சிங்கப்பூரில் இம்மாற்றம் வாக்குச்சீட்டின் வழியே நடந்தது. 1946-இல் இத்தீவு மலாயாவினின்று பிரிக்கப்பட்டுத் தனிக் காலனியாயிற்று. 1948-இல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில், மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப்பேருக்கும் குறைவாயிருந்த இந்தியர், பதிவுசெய்த வாக்காளருள் ஏறத்தாழப் பாதி. பிரிட்டிஷ் குடிகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்னும் விதி இதற்கு ஒரு காரணம். ஆனால் தகுதி இருந்தும் பதிவுசெய்யாத பிறர் பலர் இருந்தனர். பெயரைப் பதிவுசெய், கூட்டத்துக்குப் போ, கை உயர்த்து என்னும் பழக்கம் ஓர் இயக்கத்துக்குள் வாழ்ந்தவர்க்கு எளிதாகக் கைவந்திருந்தது என்று நாம் கருதுகிறோம்.

எனினும் அப்பழக்கம் இந்தியாவை நோக்கியே பயின்றது. ‘டில்லி சலோ’ என்று கூவியவர்க்கு, 1947-இல் தில்லி விடுதலை பெற்றபின், தாம் நிற்பது எந்த ஊர் என்னும் வினா எஞ்சியது. இவ்வினாவைத் தமிழில், நாள்தோறும், சலிப்பின்றிக் கேட்டவர் சாரங்கபாணி. 1951-இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை, 1952-இல் தமிழர் திருநாள், பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி, 1957-இன் குடியுரிமைச் சட்டத்தையொட்டிக் குடிமக்களாகப் பதிவுசெய்துகொள்ளுமாறு இடைவிடாத வேண்டுகோள் என அவர் பணி விரிந்தது. ‘பிழைக்க வந்தோர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் ‘குடிமக்கள்’ என்று சொல்லக் கற்றது அப்பத்தாண்டில்தான்.

இவ்விடத்தில் ஒரு தவறான கூற்றை மறுக்க வேண்டியுள்ளது. தேசிய இராணுவத்தின் தியாகத்தால்தான் தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அவ்வளவு நேரான கோடு இல்லை. 1956-இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிவழிக் கல்வியையும் சமமாக நடத்துமாறு பரிந்துரைத்ததற்கு உடனடிக் காரணம் சீனப் பள்ளிகளில் மூண்ட கொந்தளிப்பு. தமிழர் வீதிக்கு வந்ததன்று. எண்ணிக்கையை மட்டும் கருதியிருந்தால் தமிழை அப்பட்டியலில் சேர்க்காமலே விட்டிருக்கலாம். சேர்க்காமல் விட்டால் கேட்பதற்கு ஆள் உண்டு, இதழ் உண்டு, சங்கம் உண்டு, வாக்கு உண்டு என்னும் நிலை அதற்குள் உருவாகியிருந்தது. படையெடுப்பு தமிழுக்கு அவ்விடத்தைத் தரவில்லை. கேட்கும் பழக்கமுடைய ஒரு தலைமுறையை உண்டாக்கியது, அத்தலைமுறை கேட்டது. 1965-ஆம் ஆண்டுச் சுதந்திரச் சட்டத்தில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் அதிகாரத்துவ மொழிகளாக எழுதப்பட்டன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜப்பானியர் ஆட்சியை நேரில் கண்டோரின் குரல்களை நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1981 முதல் பதிவுசெய்தது. அப்பதிவுகளை மாணவர்க்குக் கேட்பிக்கும்போது, செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வினைமுற்றுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். போருக்கு முந்திய துரையைப் பற்றிப் பேசுகையில் ‘வந்தாரு’ என்னும் முதியவர், 1942-ஐப் பற்றிப் பேசுகையில் ‘வெள்ளைக்காரன் ஓடிட்டான்’ என்று மாறுவதை நாம் கேட்டிருக்கிறோம். ‘ஜப்பான்காரன்’ எப்போதும் ‘ஆன்’ விகுதியோடே வருகிறான். அவன் ஆண்ட காலத்திலும் அச்சம் இருந்ததே தவிர ‘ஆர்’ விகுதி அவனுக்குக் கிட்டவில்லை. சயாமுக்குப் போன அண்ணனையோ தந்தையையோ பற்றிப் பேச்சு வரும்போது பலர் ‘செத்துட்டாரு’ என்று சொல்வதில்லை. ‘போனவர்தான்’ என்கின்றனர். அவ்வாக்கியத்துக்கு வினைமுற்று இல்லை.